நாலாவது வசனம்

ஹெல்மாட்டன் என்கிற ஏரிக்கரை நகரத்திலே, பிள்ளையார் கோவிலின் நிலவறையில் சனிக்கிழமை தோறும் டொச் எனப்படும் ஜெர்மன் மொழி படித்த நாற்பத்தொரு தமிழர்களும் வாய்மொழிச் சோதனையில் தங்களிடம் புறூனோ என்றொரு மண்ணிற நாய் இருப்பதாகச் சொல்லிவைத்தார்கள். சொன்ன மூன்றாம் நாள் காலையில் நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், இடது காது மட்டும் மடிந்த நாற்பத்தொரு நாய்கள் வந்து நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போயின. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அரசாங்க மேசைக்கு முன்னால் இருந்து சொன்ன சொல் பிறகு எப்படி இல்லையென்று ஆகும் என்று கேட்டுக்கொண்டு, பழைய சோற்றுச் சட்டிகளில் தண்ணீர் வைத்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. எத்தனை வருஷம் இருந்தாலென்ன, வரி கட்டினாலென்ன, ஹொட்டல் குசினிகளில் சட்டி தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்தாலென்ன, நிரந்தர விசா வேண்டுமானால் அந்த நாட்டு மொழியைக் குறித்த தரத்துக்குப் பேசிக் காட்ட வேண்டும், மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்து பத்து நிமிஷம் கேட்பார்கள், தரம் காணாவிட்டால் விசா வருஷத்துக்கு வருஷம் தொங்கிக்கொண்டே கிடக்கும் என்றது சட்டம். சனம் பயந்துபோனது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் பிரம்படி வாங்கிப் படித்த சனத்துக்கு, விளங்காத எதையும் பாடமாக்கிவிடலாம் என்றொரு நம்பிக்கை உண்டு, அது எந்த நாட்டுக் குளிரிலும் உறைகிறதில்லை. தபால் நிலையத்தில் பொதி பிரிக்கிற சதானந்த மாஸ்ரர் இரண்டு கிழமை யோசித்துப் பதின்மூன்று வசனங்கள் எழுதினார். என் பெயர் இன்னது என்று தொடங்கி, ஞாயிறு காலையில் குடும்பமாக ஏரியைச் சுற்றி நடப்பதையும், நாய் புறூனோவையும், மூன்று மணிக்குக் கோப்பி குடிக்க வருகிற அயல்வீட்டு சீக்லர் அம்மாவையும், எனக்குப் பிடித்த உணவு சீஸ் என்கிற பாற்கட்டி என்பதையும் தொட்டுக்கொண்டு, இந்த நாட்டில் வாழ்வது எனக்கு மகிழ்ச்சி என்று முடிகிற பதின்மூன்று வசனங்கள்.

"உங்கட உங்கட குடும்பத்துக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம் மாத்தலாம்," என்றார் மாஸ்ரர், நிலவறைப் பலகைக்கு முன்னால் நின்று. "ஆனா ஒண்டு. ஏன் எண்டு அவை திருப்பிக் கேக்கிற மாதிரி ஒண்டையும் வாயில எடுக்காதேங்கோ. ஏன் எண்டொரு கேள்வி வந்துதோ, அதோட சரி, சோதினை முடிஞ்சுது."

நாற்பத்தொரு பேரும் தலையாட்டினார்கள். நாற்பத்தொரு பேரும் சோதனையில் சித்தியடைந்தார்கள்.

பிறகு நடந்ததற்குச் சனம் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். நாய் வளர்க்கக் கூடாதென்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்த வீட்டுக்காரர்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது, மண்ணிற நாய் ஒன்று வளர்க்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியானால் கால்கள் தாமாக எழும்பிச் சப்பாத்தைத் தேடின. சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்களும், முழங்கால் நோவென்று மாடிப்படி ஏறாத ஆண்களும் ஏரியைச் சுற்றி வரிசையாக நடந்தார்கள், வழியில் சந்தித்துக்கொண்டார்கள், சம்பந்தம் பேசினார்கள், பழைய கோபங்களைப் புதுப்பித்துக்கொண்டார்கள். ஐயர் ஞாயிற்றுப் பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றினார். மூன்று மணிக்கு நாற்பத்தொரு வீட்டிலும் நாற்பத்தொரு சீக்லர் அம்மாக்கள் கதவைத் தட்டி, நீலக் கழுத்துச் சால்வையோடு சோபாவில் உட்கார்ந்து, கோப்பியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு, காலநிலையைப் பற்றி நாலு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள். சோறு ருசிக்காமல் போனதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அதையும் சமாளித்தார்கள், பிட்டுக்குள் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாகப் பாற்கட்டியைத் துருவிப் போட்டு அவித்தார்கள். அது அவ்வளவு மோசமில்லை என்றுதான் சாப்பிட்டவர்கள் சொல்கிறார்கள்.

சொன்னதெல்லாம் வந்ததைப் பற்றிப் பேசினார்களே தவிர, சொல்லாமல் விட்டது என்ன ஆனது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் புருஷன் சண்டையில் செத்ததை, ஏன் என்று கேட்பார்களே என்று சொல்லாமல் விட்ட ஒருத்தியின் வீட்டில், சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் மாலை போட்டிருந்த படச்சட்டம் வெறுமையாகிப் போயிற்று. அவள் இரண்டு நாள் அதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அந்தச் சட்டத்துக்குள் கோவில் கலண்டரை மடித்து வைத்தாள். வந்து பார்த்த சனம் திகதியைப் பார்த்துக்கொண்டு போனது.

குணபாலன் சொல்லாமல் விட்டது தன் மகளை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது, ஏரிக்கரை ஹொட்டல் ஒன்றின் குசினியில் பதினேழு வருஷ வேலை, சலவைச்சாலையில் படுக்கை விரிப்பு எண்ணி மடிக்கிற மனைவி தவமலர், வேறு நகரத்தில் பல்கலைக்கழகம் போகிற மகன் கீர்த்தனன், அவனுக்கு இளையவளாகப் பதினாறு வயதில் ஆரபி. ஆரபிக்குப் பிறக்கும்போதே மூச்சு முட்டிப் போனது. நடக்கமாட்டாள், கழுத்து நிற்காது, வாயோரம் எப்போதும் ஈரமாக இருக்கும், பதினொரு சொல் பேசுவாள், அந்தப் பதினொன்றும் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும்தான் விளங்கும். அவளைக் குளிப்பாட்டுவான், தூக்குவான், ஊட்டுவான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கலியாண வீடென்றால் தவமலரிடம், பிள்ளைக்குச் சத்தம் ஒத்துவராது, நீர் வீட்டில் நில்லும், நான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாறன் என்பான். கோவிலென்றால் கூட்டம் கலைந்த பிறகு கொண்டுபோவான். சத்தம் ஒத்துவராதது ஆரபிக்கு அல்ல என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பதினாறு வருஷமாக அதையே சொன்னான்.

மாஸ்ரரின் நாலாவது வசனம், எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பது. மாஸ்ரருக்கு ஒரே மகன், தன் கதையைத்தான் எழுதியிருந்தார். மற்றவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைக் கணக்கைப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். குணபாலன் மாற்றவில்லை. சோதனை மேசைக்குப் பின்னால் இருந்த பெண், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள், அவன் ஒரு மகன், இருபத்தொரு வயது, பொறியியல் படிக்கிறான் என்று தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொன்னான். அவள் சிரித்துத் தலையாட்டினாள், ஏன் என்று கேட்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, எத்தனையோ காலம் தோளில் கிடந்த ஏதோ இறங்கியது போல அவனுக்கு லேசாக இருந்தது. அந்த லேசுக்காகப் பிற்பாடு அவன் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

அடுத்த நாள் காலையில் ஆரபியைப் பகல் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வான் வரவில்லை. அரை மணித்தியாலம் வாசலில் நின்றுவிட்டுத் தவமலர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் ஒரு கிழவி தன் கடைப் பையை ஆரபியின் மடியில் வைத்துவிட்டு, வெறும் சீற்றில் வைத்த மாதிரி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில், அப்படியொரு பிள்ளை எங்களிடம் இல்லையே என்று பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள், ஆரபி அவர்களுக்கு முன்னாலேயே அந்த வகுப்பு ரீச்சரின் பெயரைத் தன் பாணியில் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ரீச்சர் அந்தக் கையைத் தாண்டி, மழை வரும் போலிருக்கிறது, குடை கொண்டுவந்தீர்களா என்று தவமலரிடம் கேட்டாள்.

தமிழ்ச் சனத்துக்கும் அவள் தெரியவில்லை. ஐயர் மூன்று பேர் நின்ற இடத்தில் இரண்டு பேருக்குத் திருநீறு கொடுத்தார். பிறந்தநாள் வீட்டு அழைப்பில் ஆட்கள் மூன்று என்று எழுதி வந்தது. ஒருவராவது, உங்களுக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை இருந்ததெல்லோ என்று கேட்பார்கள் என்று குணபாலன் எதிர்பார்த்தான், பயந்தும் எதிர்பார்த்தான். யாரும் கேட்கவில்லை. முந்தியும் அவளைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார்கள், அதனால் இப்போது கேட்காததும் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வீட்டுக்குள் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் அவள் முழுசாகத் தெரிந்தாள். நாய்க்கும் தெரிந்தது, அது ஞாயிறு நடை முடிந்து வந்ததும் அவளுடைய காலடியில்தான் படுக்கும்.

தவமலர் இதை அரசாங்கக் கந்தோர்ப் பிழை என்று நம்பினாள். யாரோ கொம்பியூட்டரில் அடிக்கும்போது ஒரு பெயரைத் தவறவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான், நீங்கள்தானே சோதினை பாஸ் பண்ணினவர், ஒருக்கால் ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ என்றாள். குணபாலன் ரெலிபோனை எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போவான். எந்த இலக்கமும் அழுத்தாமல் அதைக் காதில் வைத்துக்கொண்டு, ஆம், ஆம், நன்றி, அடுத்த கிழமையா, நல்லது என்று நல்ல டொச்சில் கதைத்துவிட்டு உள்ளே வந்து, பார்க்கினமாம் என்பான். யன்னலுக்கு உள்ளே தவமலர் மகளின் தலையை வாரிக்கொண்டு, அப்பா கதைக்கிறார், எல்லாம் சரிவரும் என்று அவளுக்குச் சொல்வது அவனுக்குக் கேட்கும். அப்படி நாலு தரம் கதைத்தான்.

கடைசியில் மாஸ்ரர் வீட்டுக்குப் போனான். மாஸ்ரர் பாற்கட்டிப் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், சோதினையில சொன்னதில ஒரு வசனம் பிழைச்சுப் போச்செண்டால் திருத்தேலுமோ?"

"எத்தினையாவது வசனம்?"

"நாலாவது."

மாஸ்ரர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அவருக்கு ஏதோ மங்கலாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், குணபாலனின் முகத்தைப் பார்க்காமல் பிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"சேர்டிபிக்கற் கைக்கு வந்திட்டுதெல்லே. இனி அதைக் கிண்டாதையும்."

"கிண்டாட்டி?"

"உம்மட மனிசி பங்குனியில சோதினைக்குப் போறா. அவ வேற மாதிரிச் சொன்னா வேற மாதிரி ஆகும். ஆனா புருசன் ஒரு கதை, பெஞ்சாதி ஒரு கதையெண்டால் ரெண்டு பேரையும் விசாரிப்பினம். உம்மட சேர்டிபிக்கற் போம், விசா போம், பிறகு என்னென்ன போமோ தெரியாது."

"அவவும் ஒரு மகன் எண்டு சொன்னா?"

"அது முத்திரை குத்தின மாதிரி. அதுக்குப் பிறகு உங்கட ரெண்டு பேற்றை கண்ணுக்கும் தெரியாது." மாஸ்ரர் கையைக் கழுவ எழும்பினார். "யோசிச்சுச் செய்யும், தம்பி. நான் எழுதித் தந்தது நல்லதுக்குத்தான்."

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மூன்று மாதம் யோசித்தான் என்றால் அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவன் யோசித்தான். தவமலருக்குப் படிப்பிக்கிற பொறுப்பு அவனுடையது. தன் கையெழுத்தில் பதின்மூன்று வசனத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே கருத்தும் போட்டு ஒரு கொப்பி செய்து கொடுத்தான். நாலாவது வசனத்தில் ஒரு மகன் என்றே எழுதினான். நாளைக்குத் திருத்துவம் என்று நினைத்தான். நாளைக்கு வந்ததும், இப்போதுதான் முதல் வசனத்தில் நிற்கிறாள், நாலாவதுக்கு வரட்டும் என்று நினைத்தான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த கடதாசி, கீர்த்தனனின் படிப்பு, திருப்பி அனுப்பினால் போய் நிற்க ஒரு காணித்துண்டு கூட இல்லாத ஊர், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்தான், மற்றப் பக்கத்தில் ஆரபி இருந்தாள், அவன் எந்தப் பக்கத்தையும் தொடவில்லை. தொடாமல் இருந்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவன் செய்த கெட்டித்தனம்.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின்னேரம், தவமலர் குசினி மேசையில் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு, ஆரபியைச் சோதனைக்காரியாக எதிரே இருத்தி, என் பெயர் தவமலர், நான் இலங்கையிலிருந்து வந்தேன், நான் மணமானவள் என்று டொச்சில் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ஆரபி ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி ஆட்டிப் பாஸ் போட்டாள். அன்று காலையில்தான் கீர்த்தனன் ரெலிபோனில், தங்கச்சிக்கு உன்ரை குரலைக் கேட்க வேணுமாம், ஒருக்காக் கதை என்று தாய் சொன்னதற்கு, "ஆற்றை தங்கச்சி? ஆரைச் சொல்லுறியள் அம்மா?" என்று கேட்டிருந்தான். அதிலிருந்து தவமலரின் கண் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் சோதனையை விடேலாதே என்று படித்தாள். நாலாவது வசனத்துக்கு வந்தவள் நின்றாள். சலவைச்சாலையில் பதினாறு வருஷம் டொச்சில் விரிப்பு எண்ணினவள், வேறெது தெரியாவிட்டாலும் ஒன்றும் இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ. இதில ஒரு மகன் எண்டு மட்டும் கிடக்கு."

"அது மாஸ்ரர் எழுதினது."

"இது உங்கட எழுத்து."

குணபாலன் அடுப்படியில் நின்று தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

"நீங்கள் சோதினையில என்ன சொன்னனீங்கள்?"

அவன் இன்னொரு கரண்டி சீனியைப் போட்டான்.

"கேக்கிறன். என்ன சொன்னனீங்கள்?"

"சோதினைக்காரி ஏன் எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதப்பா. நடக்கமாட்டாள், பிறக்கேக்கை மூச்சு முட்டினது, வலிப்பு வாறது, உதெல்லாம் சொல்ல அந்தளவுக்கு எனக்குச் சொல்லு வராது. மாஸ்ரரும் சொன்னவர்..."

தவமலர் கொப்பியை மூடினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை, சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"சக்கர நாற்காலிக்கு டொச்சில றோல்ஷ்டூல் எண்டு எனக்குச் சொல்லித் தந்தது ஆர்? மூச்சுக்கு, வலிப்புக்கு, நரம்புக்கு, ஊசிக்கு என்னெண்டு ஆசுப்பத்திரிப் படியில வைச்சு எனக்குச் சொல்லித் தந்தது ஆர்? உங்களுக்கு இந்தப் பாஷையில முதல் முதல் தெரிஞ்ச சொல்லெல்லாம் அதுகள்தானே."

அது உண்மை. பாற்கட்டிக்கு டொச்சில் என்ன சொல்வதென்று தெரியும் முன்னரே, நாய்க்கு என்ன சொல்வதென்று தெரியும் முன்னரே, அவன் அந்தச் சொற்களைப் படித்திருந்தான், ஆசுப்பத்திரி நடையோடைகளில் டொக்டர்மாருக்குப் பின்னால் ஓடி ஓடிப் படித்திருந்தான், அந்த நாட்களில் பிள்ளை பிழைத்தால் போதும் என்பதைத் தவிர வேறொன்றும் அவன் மனதில் இருந்ததில்லை. மாஸ்ரரின் பதின்மூன்று வசனத்தையும் அவன் பாடமாக்க வேண்டியிருந்தது. மகளைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் ஒரு சொல்லும் பாடமாக்கத் தேவையிருக்கவில்லை. தவமலர் அதைச் சொன்ன பிறகு அவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. ஆரபி, அம்மா படிப்பதை நிறுத்திவிட்டாளே என்று, மேசையைத் தட்டி அடுத்த வசனத்தைக் கேட்டாள்.

"ரெண்டெண்டு சொன்னா எங்களை விசாரிப்பினமாம்," என்றான் அவன், மிகவும் சின்னக் குரலில். "எல்லாம் போனாலும் போமாம்."

"போனாப் போகட்டும்."

சோதனை நாளில் ஆரபியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தவமலர் அவளுக்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, பொட்டு வைத்து, தலைக்கு இரண்டு கிளிப் குத்தியிருந்தாள், யாருக்கும் தெரியாத பிள்ளைக்கு ஏன் இவ்வளவு என்று குணபாலன் கேட்கவில்லை. சோதனை அறைக்கு வெளியே நடையோடை நீளத்துக்கும் கதிரைகள் போட்டு, பல நாட்டு ஆட்களும் இருந்தார்கள், நிலவறை வகுப்பின் புது ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு புறூனோ, புறூனோ என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்தார்கள். ஒரு பெண் மழையில் நனைந்த தன் மேற்சட்டையைக் கழற்றி ஆரபியின் தோளில் கொழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஆரபி ஈரத்தில் தோளைக் குலுக்கினாள். குணபாலன் அதை எடுத்துவிடவில்லை, எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இருந்தான். பெயர் கூப்பிட்டதும் தவமலர் எழும்பிப் போனாள், கொப்பியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனாள், கதவு சாத்தியது.

முதல் இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெண் துள்ளி எழும்பி, ஐயோ மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று தன் மேற்சட்டையை இழுத்து எடுத்தாள், எடுத்து, ஆரபியின் முகத்துக்கு நேரே குனிந்து, நனைந்துவிட்டதா குட்டி என்று கேட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு வெளியாள் ஒருத்தி ஆரபியின் கண்ணைப் பார்த்து ஒரு சொல் கேட்டது அதுதான் முதல் தரம். ஆரபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்தைப் பின்னுக்கு எறிந்து, கையிரண்டையும் விசிறி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள். ஓடையில் இருந்த அவ்வளவு பேரும் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நிலவறை ஆட்களும் பார்த்தார்கள், அட, குணபாலண்ணையின்ரை பிள்ளையெல்லோ என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது கேட்டது.

அப்போது குணபாலனின் கை எழுந்து மகளின் வாயைப் பொத்தியது.

சந்தோஷம் வர முன்னர் வெட்கம் வந்துவிட்டது. நாலு மாதம் அவள் இல்லாமல் பட்டதெல்லாம் பட்டு, எல்லாம் போனாலும் போகட்டும் என்று வந்து நின்று, அவள் திரும்பிக் கிடைத்த அந்த நிமிஷத்தில் அவனிடமிருந்து முதலில் புறப்பட்டது அந்தக் கைதான். அவளுடைய மூச்சும் எச்சிலும் உள்ளங்கையில் சுட்டது. அவன் கையைப் பார்த்தான், எடுக்க வேண்டும் என்று நினைத்தான், எடுக்க முடியவில்லை, இத்தனை பேர் பார்க்கிறார்கள், இத்தனை பேர்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று தெரியாது. திடீரென்று கை கீழே இறங்கியது. நெஞ்சுக்குள் எதுவோ இளகி, பார்க்கிறவர்கள் எல்லாம் வெறும் பார்க்கிறவர்களாகப் போனார்கள், அவனுக்கு மகளின் முகம் ஒன்றுதான் தெரிந்தது, அது எவ்வளவு வடிவான முகம் என்று அன்றுதான் பார்த்தவன் மாதிரிப் பார்த்தான். குனிந்து அவளுடைய வாயைத் தன் சேட்டு நுனியால் துடைத்தான். கத்து பிள்ளை, நல்லாக் கத்து என்று எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொன்னான். இவள் என் மகள், பெயர் ஆரபி, வயது பதினாறு என்று, கேட்காமலே அந்தப் பெண்ணுக்கு டொச்சில் சொன்னான். கடைசியில் நான் ஒரு மனிசனாகிவிட்டேன், நானாகவே கையை எடுத்துவிட்டேன் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. கண்ணீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

பத்து நிமிஷச் சோதனை இருபத்தைந்து நிமிஷத்துக்குப் போய், தவமலர் சிவந்த மூக்கோடு வெளியே வந்தாள். ஆரபியைச் சுற்றி மூன்று நாலு பேர் நின்று கதை கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு வந்து நாற்காலியின் பிடியைப் பிடித்தாள்.

பஸ்ஸில் ஏறும்போது சாரதி இறங்கி வந்து பலகையை விரித்துவிட்டான். குணபாலன் மகளுக்குப் பக்கத்தில் நின்று, வளைவுகளில் அவள் தலை சாயாமல் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டான். "பாஸோ?"

"எங்கத்தைப் பாஸ். அரைவாசி நேரம் அழுதனான். எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவை, ரெண்டு எண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொண்டுக்கும் ஏன், ஏன் எண்டு கேட்டவை. எல்லாம் சொன்னனான். தெரிஞ்ச சொல்லை வைச்சுச் சொன்னனான்." அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். ஏரி போய்க்கொண்டிருந்தது. "கடைசியா உங்களைப் பற்றிக் கேட்டவை."

"என்னைப் பற்றியோ? நீர் என்ன சொன்னனீர்?"

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவன் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். இன்றைக்கு அவன் வேறு ஆள், எதையும் தாங்குவான்.

"வேற என்னத்தைச் சொல்லுறது," என்றாள் தவமலர். "அவருக்கு மகளில சரியான விருப்பம், அவளால அவருக்கு ஒரு வெக்கமும் இல்லை எண்டு சொன்னனான்."

பஸ் அடுத்த தரிப்பில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. குணபாலன் மகளின் தலையைப் பிடித்தபடியே நின்றான். அன்று கையைக் கீழே இறக்கியது தானல்ல, மேசைக்கு முன்னால் இருந்து தவமலர் சொன்ன அந்தச் சொல்தான் என்று அவனுக்கு விளங்கியது. நெஞ்சுக்குள் அந்த விருப்பம் அப்படியே இருந்தது, குறையவில்லை, இனி எந்தக் காலத்திலும் குறையப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. ஆரபி அண்ணாந்து பார்த்துத் தன் பதினொரு சொல்லில் ஒன்றைச் சொன்னாள். அப்பா என்றாள். அவன் ஓம் பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தான், அவள் கூப்பிட்டது யாரை என்று தெரியாமல் நின்றான்.